காயலான் கடையில் ஐந்தாம் பொன்

சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையைப் பயின்றோர் மதுரை மாநகரின் பொன்கடை வீதியை மறந்திருக்க இயலாது. சாதரூபம், கிளிச்சிறை, ஆடகம், சாம்பூநதம் என்னும் நால்வகைப் பொன்னையும் வகை தெரிந்து விற்ற வணிகர்தம் வீதியை இளங்கோவடிகள் அங்கே காட்டுகின்றார். அந்நால்வகையுள் அடங்காத ஐந்தாம் வகைப் பொன் ஒன்று இன்று நம்மவர் இல்லந்தோறும் கிடக்கின்றது. மேசை இழுப்பறையில் உறங்கும் பழைய கைப்பேசியிலும், பரணில் ஏற்றி வைத்த கணிப்பொறியிலும், பழுதாகி மூலையில் ஒதுக்கப்பட்ட வானொலிப் பெட்டியிலும் அது சிறிது சிறிதாக ஒளிந்திருக்கின்றது. அதனை மீட்பது குறித்தும், மீட்கின்ற முறையில் நம் கண்முன்னே நிகழ்ந்துவரும் அநீதி குறித்தும் சில கருத்துகளை முன்வைக்க விழைகின்றோம்.

தமிழ்த்துறை மலரில் உலோகவியலுக்கு என்ன வேலை என்று சிலர் வினவக்கூடும். ஒரு தொழிலின் பெயர் தமிழில் வழங்குமளவும் அத்தொழில் தமிழாசிரியர்க்கு அயலானதன்று என்பதே நம் விடை. அப்பெயர் எது என்பதைப் பின்னர்க் கூறுவோம்.

முதற்கண் இப்பொன்னின் அளவை அறிந்து கொள்வோம். ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் திட்டம் 2009-ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கை ஒன்று, அக்காலக் கைப்பேசி ஒன்றில் ஏறத்தாழ 24 மில்லிகிராம் பொன்னும், 250 மில்லிகிராம் வெள்ளியும், 9 மில்லிகிராம் பல்லேடியமும், 9 கிராம் செம்பும் உள்ளன என்று கணக்கிட்டது. 24 மில்லிகிராம் என்பது மூக்குத்திக்கும் போதாத அளவுதான். எனினும் 330 கைப்பேசிகளைச் சேர்த்தால் ஒரு சவரன் ஆகிவிடும். ஒரு டன் எடையுள்ள கைப்பேசிகளைச் சேர்த்தாலோ பொன் இருநூறு கிராமையும் கடந்து செல்லும். சுரங்கத்தில் ஒரு டன் பாறையை உடைத்தால் கிடைப்பது பெரும்பாலும் சில கிராம்களே என்பதை இதனோடு ஒப்பிட்டு நோக்க வேண்டும்.

சுரங்கம் என்றதும் கோலார் தங்கவயலை நினையாதிருக்க முடியவில்லை. நம் வடஆர்க்காட்டுப் பகுதியிலிருந்தும் பிற தமிழ் மாவட்டங்களிலிருந்தும் சென்ற ஏழை எளியோர், மூன்று கிலோமீட்டருக்கும் மேலான ஆழத்தில், பாறையின் வெம்மையில், தலைமுறை தலைமுறையாக உழைத்த இடம் அது. பாறைத்தூள் படிந்து நுரையீரல் கெட்டு மாண்டோர் பலர். தாது மெலிந்து, செலவு மிகுந்து, 2001-ஆம் ஆண்டு அச்சுரங்கம் மூடப்பட்டது. பொன் ஊரைவிட்டு வெளியேறிற்று. பொன்னைப் பிரித்தெடுத்தபின் கொட்டிய சயனைடு மண் மேடுகள் மட்டும் அங்கேயே நின்றுவிட்டன. காற்றடிக்கும் நாளில் அந்தத் தூசி வீடுகளுக்குள் புகுகின்றது. மதிப்புள்ளது ஒரு திசையில் செல்வதும், நஞ்சு உழைத்தவன் வாயிலில் தங்குவதுமாகிய அதே வழக்கம்தான் மின்னணுக் கழிவிலும் மீண்டும் தலைதூக்கியுள்ளது என்பது நம் கருத்து.

பெயரும் தொழிலும்

பழைய இரும்பு, செம்பு, பித்தளை, தாள், புட்டி முதலியவற்றை வாங்கும் கடையைச் சென்னையிலும் சுற்றுவட்டாரங்களிலும் 'காயலான் கடை' என்பர். காயல்பட்டினத்து வணிகர் இத்தொழிலில் ஈடுபட்டிருந்தமையால் இப்பெயர் வந்தது என்பது பலரும் கூறும் விளக்கம். ஓர் ஊர்மக்களின் பெயரே ஒரு தொழிலின் பெயராக நின்றுவிட்டது. சிலர் இச்சொல்லை இழிவாகவும் ஆள்கின்றனர்; ஓடாத வண்டியைக் கண்டால் 'காயலான் கடைக்குப் போடு' என்று நகைக்கின்றனர். நாம் அதில் இழிவு ஒன்றும் காணவில்லை. பிறர் வேண்டாவென்று எறிந்ததை வேண்டுமென்று எடுத்து, வகைப்படுத்தி, உரிய இடத்திற்கு அனுப்பிய வணிகம் அது. பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் தந்து தெருத்தெருவாகக் கூவி வந்த வண்டிக்காரரை நம்முள் மூத்தோர் எவரும் மறந்திருக்கமாட்டார்கள். சுற்றுச்சூழல் என்னும் சொல் ஏடுகளில் புழங்குவதற்குப் பல்லாண்டு முன்பே அவர் அச்செயலைச் செய்துகொண்டிருந்தார்.

பொற்கொல்லர் பட்டறை வாயிலைக் கூட்டி, அம்மண்ணை நீரில் அரித்துப் பொன்துகள் சேர்ப்போர் நம் ஊர்களில் இன்றும் உளர். ஆகவே கழிவிலிருந்து பொன்னெடுத்தல் நமக்குப் புதிய கலையன்று. கழிவின் இயல்புதான் மாறிவிட்டது. பட்டறை மண்ணில் பொன்னும் மண்ணும் மட்டுமே இருந்தன. இன்றைய மின்சுற்றுப் பலகையில் பொன்னோடு வேறு பலவும் கலந்து கிடக்கின்றன.

பெட்டிக்குள் இருப்பவை

கணிப்பொறியின் பச்சைநிறப் பலகையைக் கையில் எடுத்து நோக்குவோம். ஓரத்தில் பல்வரிசை போல் ஒளிரும் இணைப்பு முனைகளில் பொன்முலாம் உண்டு. மின்விசைத் தொடுமுனைகளில் வெள்ளி உண்டு. எள்ளளவான மின்தேக்கிகள் சிலவற்றில் பல்லேடியமும், சிலவற்றில் டாண்டலமும் உள்ளன. பலகை முழுவதும் செம்பு இழையோடுகின்றது. பொன் துருப்பிடிப்பதில்லை, மின்சாரத்தை இடையூறின்றிக் கடத்துகின்றது என்பதனால்தான் அதனை இங்கே இடுகின்றனர்.

இவற்றையெல்லாம் பலகையோடு பிணைத்து நிற்பது பற்றாசு. தட்டார் மொழியில் வழங்கும் இந்த அழகிய சொல்லை மின்னணுத் துறையினர் ஏனோ கைவிட்டு 'சால்டர்' என்கின்றனர். பழைய கருவிகளின் பற்றாசு வெள்ளீயமும் காரீயமும் கலந்தது. ஈயம் என்னும் ஒரே சொல்லின்கீழ் இவ்விரண்டையும் தமிழ் அடக்கியது; ஆயினும் வெள்ளீயம், காரீயம் என்று பிரித்தறியவும் தவறவில்லை. பாத்திரத்திற்குப் பூசுவது வெள்ளீயம். காரீயம் குழந்தையின் மூளையைத் தாக்கும் நஞ்சு. பலகையின் நெகிழியிலோ தீப்பற்றாதிருக்கப் புரோமின் சேர்மங்கள் கலக்கப்பட்டுள்ளன. அதனைத் திறந்த வெளியில் எரித்தால் டையாக்சின் முதலிய கொடிய நச்சுகள் புகையோடு எழும். செப்புக் கம்பியின் மேலுறையை எரித்தாலும் இதே நிலைதான்.

படக்குழாய்த் தொலைக்காட்சியின் நிலை இதனினும் வருந்தத்தக்கது. 2006-ஆம் ஆண்டு தொடங்கி ஐந்தாண்டுகளில் தமிழக அரசு ஒன்றரைக் கோடி அளவிலான வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளை மக்களுக்கு விலையின்றி வழங்கியது. அத்திட்டத்தின் நன்மை தீமைகளை ஆராய்வது நம் நோக்கமன்று. அப்பெட்டிகள் முதுமையடைந்து, தட்டைத்திரைத் தொலைக்காட்சிகளுக்கு இடம்விட்டு, வீட்டைவிட்டு வெளியேறின. அவற்றின் படக்குழாயின் பின்புறக் கூம்புக் கண்ணாடியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு காரீய ஆக்சைடு. அக்கண்ணாடியை உருக்கி மீண்டும் படக்குழாய் செய்தல் ஒருகாலத்தில் இயன்றது. படக்குழாயே வழக்கொழிந்த பின்னர் அதனை வாங்குவார் இலர். ஆகவே என்ன நிகழ்கின்றது? குழாயின் கழுத்தில் சுற்றியுள்ள செப்புச் சுருளுக்கு விலை உண்டு. அதனைக் கழற்றிக் கொள்கின்றனர். பலகையைத் தனியே எடுத்துக் கொள்கின்றனர். கண்ணாடி ஏரிக்கரைக்கோ குப்பைமேட்டுக்கோ போகின்றது.

இதில் காயலான் கடைக்காரரை மட்டும் குறைகூறுதல் முறையாகாது. அவர் நம்மிடம் பெட்டிக்கு விலை தந்து வாங்கினார். கண்ணாடியை முறையாக அப்புறப்படுத்தும் செலவை நாம் அவருக்குத் தரவில்லை. கொடுத்ததாக நாம் நினைத்ததும் இல்லை.

தீயும் திராவகமும்

கழற்றப்பட்ட பலகைகள் எங்கே செல்கின்றன? தில்லியின் சீலம்பூர் மின்னணுக் கழிவு வணிகத்தின் பெருஞ்சந்தை. அங்கே பிரிக்கப்பட்ட பலகைகளில் பெரும்பங்கு உத்தரப்பிரதேசத்தின் முராதாபாத்துக்குச் சென்றது. முராதாபாத் நெடுங்காலமாகப் பித்தளைக் கலங்களுக்குப் பெயர்பெற்ற ஊர். உலோகத்தை உருக்கவும் வார்க்கவும் பரம்பரையாக அறிந்த கைகள் அங்கே உண்டு. நம் சமுதாயத்தைச் சேர்ந்த கைவினைஞர் அங்கே பெருந்தொகையினர் என்பதையும் சொல்லியாக வேண்டும். அந்தக் கைத்திறமே அவர்களுக்குக் கேடாயிற்று. இராமகங்கை ஆற்றங்கரையில் பலகைகளை எரித்து, சாம்பலை அரைத்து, ஆற்றுநீரில் அலசி, கனமான உலோகத்துகளைத் தேக்கி எடுத்தனர். கரையெங்கும் கருஞ்சாம்பல் குவிந்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்டு ஆணைகள் பிறப்பிக்கும் நிலை வந்தது.

பொன்முலாம் பூசிய பகுதிகளுக்குத் தீயைவிடத் திராவகமே பயன்படுகின்றது. வெடியுப்புத் திராவகம் ஒரு பங்கும் உப்புத் திராவகம் மூன்று பங்கும் சேர்ந்தது இராச திராவகம், பொன்னையும் கரைக்கவல்லது. 1940-இல் செருமானியப் படை கோபன்ஹேகனில் புகுந்தபோது, அங்கிருந்த ஆய்வறிஞர் ஹெவெசி, இரு செருமானிய அறிவியலாளர்தம் நோபல் பதக்கங்களை இத்திராவகத்தில் கரைத்து, புட்டியை ஆய்வகத்து அலமாரியிலேயே வைத்துவிட்டார் என்பது வேதியியல் வரலாற்றில் சுவையான செய்தி. போர் முடிந்தபின் கரைசலிலிருந்து பொன்னை மீட்டுப் பதக்கங்களை மீண்டும் வார்த்தனர். ஆனால் ஹெவெசியிடம் ஆய்வகம் இருந்தது. சீலம்பூர்ச் சந்தில் நெகிழி வாளியும், வெறுங்கையும், மேலே ஒரு தகரக் கூரையுமே உள்ளன. எழும் செந்நிறப் புகையை முகர்பவர் அத்தொழிலாளியும், பக்கத்தில் விளையாடும் அவர் பிள்ளையும்.

இது மிகைக்கூற்று அன்று. சீனத்தின் குவாங்தோங் மாநிலத்தில் குய்யூ என்றொரு சிற்றூர். உலகின் மின்னணுக் கழிவெல்லாம் ஒருகாலத்தில் சென்று குவிந்த ஊர். 2007-இல் வெளிவந்த ஆய்வொன்று, அங்குள்ள ஆறு வயதுக்கு உட்பட்ட சிறார் 165 பேரின் இரத்தத்தைச் சோதித்தது. நூற்றுக்கு 81 பேருக்கு மேல் ஈயத்தின் அளவு அக்காலத்தில் அபாய வரம்பெனக் கொள்ளப்பட்ட பத்து மைக்ரோகிராமைக் கடந்திருந்தது. இன்றைய மருத்துவம் அந்த வரம்பையும் ஏற்பதில்லை. குழந்தைக்குத் தீங்கற்ற ஈய அளவு என்பதே இல்லை என்கின்றது. ஈயம் சேர்ந்த குழந்தை உடனே நோயுற்றுப் படுப்பதில்லை. எழுத்தறிவதில் பின்தங்கும், கவனம் சிதறும், ஆசிரியர் அதனை மந்தபுத்தி என்பார். ஆசிரியத் தொழிலில் இருக்கும் நமக்கு இச்செய்தி மற்றெவரையும்விட ஆழமாக உறைத்தல் வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் பொன்னாவது முழுமையாகக் கிடைக்கின்றதா என்றால் அதுவும் இல்லை. பெங்களூரில் கொல்லைப்புறத் திராவக முறையை ஆராய்ந்தோர் 2007-ஆம் ஆண்டளவில் வெளியிட்ட முடிவின்படி, பலகையிலுள்ள பொன்னில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே கைக்கு வருகின்றது. எஞ்சியது சாக்கடையில் கலக்கின்றது. அதே பலகை பெரிய உருக்காலைக்குச் சென்றால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு கிடைக்கும். பெல்ஜியம் நாட்டில் ஹோபோகன் என்னுமிடத்து ஆலை இத்தகையது. ஆயிரம் பாகைக்கும் மேலான வெப்பத்தில் பலகைகள் உருகும்போது, செம்பு தன்னுள் பொன், வெள்ளி, பல்லேடியம் ஆகியவற்றைக் கரைத்து வைத்துக்கொள்கின்றது. பின்னர் அச்செம்பை மின்பகுப்பால் தூய்மை செய்கையில், அடியில் படியும் சேற்றில் மதிப்புயர் உலோகங்கள் தங்கிவிடுகின்றன. பலகையின் நெகிழி எரிபொருளாகின்றது, புகை வடிகட்டப்படுகின்றது.

அங்கே எல்லாம் குற்றமற்றவை என்று நாம் கூறவரவில்லை. 2020-இல் அவ்வாலையை அடுத்து வாழும் சிறாரின் இரத்தத்திலும் ஈயம் மிகுந்திருப்பது கண்டறியப்பட்டது. ஆலை நிருவாகம் அண்டை வீடுகளை விலைக்கு வாங்கி, அவ்விடத்தைப் பசுமை நிலமாக்க முன்வந்தது. நாம் குறிக்க வேண்டிய வேறுபாடு இதுவே: அங்கே அளந்து பார்த்தனர். முராதாபாத்துச் சிறுவனின் இரத்தத்தை ஆண்டுதோறும் அளப்பவர் யார்?

கையின் மேன்மை

இவ்விடத்தில் பலர் ஒரு முடிவுக்குத் தாவிவிடுகின்றனர். 'ஆகவே காயலான் கடைகளை மூடுக. எல்லாவற்றையும் பேராலைகளிடம் ஒப்படைக்க' என்கின்றனர். இம்முடிவை நாம் ஏற்கவில்லை. அதற்குக் காரணம் இரக்கம் மட்டுமன்று; அறிவியலும் அதனை ஏற்கவில்லை.

மேலைநாடுகள் சிலவற்றில் பழைய கருவிகளை முழுதாக அரைவை எந்திரத்தில் இட்டு நொறுக்கி, பின்னர்க் காந்தம் முதலியவற்றால் பிரிக்கின்றனர். செருமனியில் அத்தகைய ஆலை ஒன்றை ஆராய்ந்து 2009-இல் வெளியிட்ட கணக்கு வியப்பளிப்பது. உள்ளே சென்ற பொன்னிலும் பல்லேடியத்திலும் நான்கில் ஒரு பங்கு அளவே மீட்கத்தக்க பகுதிகளில் சேர்ந்தது. மற்றவை தூசியோடும் இரும்போடும் நெகிழியோடும் கலந்து தொலைந்தன. அதாவது, பொருளை அறியாத எந்திரமும், பாதுகாப்பறியாத வாளியும் ஏறக்குறைய ஒரே அளவு பொன்னை வீணாக்குகின்றன! திருகாணியைக் கழற்றி, உறையை நீக்கி, பலகையைப் பழுதின்றி வெளியே எடுக்கும் மனிதக் கைக்கு ஈடான கருவி இன்னும் வரவில்லை. எது செம்பு, எது பித்தளை, எந்தப் பலகையில் பொன் மிகுதி என்பதைத் தொட்டறியும் பட்டறிவு அக்கைக்கு உண்டு.

ஆகவே நாம் வற்புறுத்துவது கடையை மூடுவதையன்று. ஒரு கோடு கிழிப்பதையே. கழற்றுதலும் வகைப்படுத்துதலும் காயலான் கடையின் உரிமை. அதில் பெருந்தீங்கில்லை, கையுறையும் காற்றோட்டமும் இருந்தால் போதும். படக்குழாயை உடைத்தல், பலகையைச் சுடுதல், கம்பியை எரித்தல், திராவகத்தில் இடுதல் ஆகியன கோட்டுக்கு அப்பாற்பட்டவை. அவை அதற்குரிய ஆலையில் மட்டுமே நிகழ வேண்டும். பலகை அங்கே முழுமையாகச் சென்று, பொன்னும் முழுமையாகக் கிடைத்தால், கூடுதலாகக் கிடைக்கும் மூன்று பங்கிலிருந்து கழற்றியவருக்கும் நல்ல விலை தர இயலும். பொன் பெருகுவதும் பிள்ளையின் உடல்நலம் காக்கப்படுவதும் இங்கே ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. இதனை உணராமல், ஏழையின் பிழைப்பா சுற்றுச்சூழலா என்று இருபுறம் நின்று வாதிடுவோரைக் காணும்போது வியப்பாகவே உள்ளது.

சட்டம் என்ன சொல்கின்றது?

இந்தியாவில் மின்னணுக் கழிவுக்கெனத் தனி விதிகள் 2011-இல் வெளியாயின; 2016-இல் திருத்தியமைக்கப்பட்டன; 2022 நவம்பரில் வெளியான புதிய விதிகள் 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தன. கருவியை ஆக்கி விற்றவரே அதன் முடிவுக்கும் பொறுப்பாவார் என்பது இவற்றின் உயிர்க்கொள்கை. பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடமிருந்து சான்றிதழ் விலைக்குப் பெற்று அவர் அப்பொறுப்பை நிறைவேற்றலாம். 2024-இல் அரசு கிலோவுக்கு 22 ரூபாய் எனக் குறைந்த அளவு விலையை வரையறுத்தபோது, பெரிய நிறுவனங்கள் சில அதனை எதிர்த்து தில்லி உயர்நீதிமன்றத்தை அணுகின. ஒரு கிலோ தக்காளிக்கு வீட்டார் பல நாள்களில் தரும் விலையைக்கூடத் தம் கருவியின் இறுதிக்கடனுக்குத் தர அவை தயங்கின என்பதைக் குறித்து வைப்போம்.

2016-ஆம் ஆண்டு விதிகளில் 'பிரிப்போர்' என்றொரு பிரிவினர்க்கும், சேகரிப்பு நிலையங்களுக்கும் இடம் இருந்தது. 2022 விதிகளில் பதிவுக்குரியோர் பட்டியலில் அவர்கள் இல்லை. கழற்றும் கையைச் சட்டத்தின் ஏட்டிலிருந்து நீக்கியது பெரும் பிழை என்றே நாம் கருதுகின்றோம். ஏட்டில் இல்லாத கை தெருவில் இல்லாமற் போவதில்லை. இருட்டில் இயங்கும், அவ்வளவே. எனினும் அதே விதிகளில் ஒரு சாளரம் திறந்திருக்கின்றது. பிரித்தலுக்கும் மறுசுழற்சிக்கும் தொழிற்பேட்டைகளில் இடமோ கொட்டகையோ ஒதுக்குவது மாநில அரசின் கடமை என்றும், இத்தொழிலாளரை இனங்கண்டு பதிவு செய்து, குழுவாக அமைய உதவி, பயிற்சியளித்து, அவர்தம் உடல்நலத்தைக் கண்காணிப்பதும் அதன் கடமை என்றும் அவை கூறுகின்றன. கேட்போர் இல்லாததால் இவ்வரிகள் உறங்குகின்றன. 2025 செப்டம்பரில் அரிய கனிமங்களைக் கழிவிலிருந்து மீட்பதற்கு மத்திய அமைச்சரவை 1,500 கோடி ரூபாய் ஊக்கத்தொகைத் திட்டத்திற்கு ஒப்புதல் அளித்தது. அதில் மூன்றில் ஒரு பங்கு சிறிய, புதிய முனைவோர்க்கெனக் கூறப்பட்டுள்ளது. அப்பங்கு முராதாபாத்துக்கோ, நம் ஊர்க் காயலான் கடைக்கோ வந்து சேருமா, அன்றி ஆங்கிலத்தில் விண்ணப்பம் எழுதத் தெரிந்தவரிடமே தங்கிவிடுமா என்பது கேட்போரைப் பொறுத்தது.

இங்கேதான் சமுதாயப் பெரியோர்களை நோக்கி ஒரு விண்ணப்பம் வைக்க விரும்புகின்றோம். பழம்பொருள் வணிகத்தில் பல்லாண்டு அனுபவமுள்ள குடும்பங்கள் நம்மிடையே உள்ளன. தொழிலறிந்த அக்குடும்பங்களும், கணக்கறிந்த நம் பட்டதாரி இளைஞர்களும், இடமும் பொருளும் உடைய அறக்கட்டளைகளும் ஒன்றுகூடினால், மாவட்டத்திற்கு ஒரு பிரிப்புக் கொட்டகை அமைப்பது அரிதன்று. நல்ல மேசை, வெளிச்சம், காற்றுப்போக்கி, எடைக்கருவி, பதிவேடு, பதிவு பெற்ற மறுசுழற்சியாளரோடு எழுத்து மூலமான ஒப்பந்தம் ஆகியவையே அதற்கு வேண்டுவன. தம் சொந்தத் தொழில் தம்மை அழைக்கும் பெயரிலேயே இருக்கும்போது அதனைத் தூய்மையாக நடத்துவதில் முதன்மை எய்துவது நமக்குப் பெருமையன்றோ!

மக்கள் மனம் வைத்தால் பொருள் சேரும் என்பதற்கு ஜப்பான் சான்று. டோக்கியோ ஒலிம்பிக் பதக்கங்களுக்காக 2017 ஏப்ரல் முதல் 2019 மார்ச் வரை அந்நாட்டு மக்கள் பழைய கருவிகளை வழங்கினர். 1,600-க்கும் மேற்பட்ட உள்ளாட்சிகள் பெட்டி வைத்துச் சேர்த்தன. 78,985 டன் சிறு கருவிகளும் 62 இலட்சம் கைப்பேசிகளும் சேர்ந்தன. அவற்றிலிருந்து 32 கிலோ பொன், 3,500 கிலோ வெள்ளி, 2,200 கிலோ வெண்கலம் எடுத்து, ஏறத்தாழ ஐயாயிரம் பதக்கங்களை வார்த்தனர். அப்பொன்னின் அளவைவிட, கைக்கெட்டும் தொலைவில் ஒரு பெட்டி இருந்தது என்பதையே நாம் பெரிதாக மதிக்கின்றோம். உலகம் முழுவதும் 2022-ஆம் ஆண்டில் உருவான மின்னணுக் கழிவு 6.2 கோடி டன் என்றும், அதில் முறையாகச் சேகரிக்கப்பட்டு மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 விழுக்காடே என்றும் ஐக்கிய நாடுகள் அவையின் அறிக்கை கூறுவது, அத்தகைய பெட்டி எத்தனை ஊர்களில் இல்லை என்பதைக் காட்டுகின்றது.

கல்லூரிகள் செய்யத்தக்கது

இறுதியாக, கல்வி நிறுவனங்களைப் பற்றி. கணிப்பொறிக் கூடமில்லாத கல்லூரி இன்று இல்லை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பழைய கணிப்பொறிகள், அச்சுப்பொறிகள், மின்கலங்கள் ஆகியவை கழிவுப் பொருளென அறிவிக்கப்பட்டு ஏலம் விடப்படுகின்றன. மிகுதியான விலை கேட்டவர்க்கே பொருள் என்பது ஏலத்தின் இலக்கணம். தணிக்கையாளரும் அதனையே எதிர்பார்ப்பர். ஆனால் அவர் எவ்வாறு மிகுதியான விலை தர முடிகின்றது என்று எவரும் வினவுவதில்லை. படக்குழாயை ஏரியில் எறிபவர்க்குச் செலவு குறைவு. பலகையைத் திராவகத்திற்கு அனுப்புபவர்க்குப் புகைவடிகட்டி வேண்டுவதில்லை. அந்தச் செலவின்மையே நமக்குக் கூடுதல் விலையாக வருகின்றது. அதனைக் கல்லூரிக் கணக்கில் வருவாய் என எழுதுகின்றோம்.

ஆண்டொன்றில் ஆயிரம் கருவிகளுக்குக் குறையாமல் பயன்படுத்தும் நிறுவனம் தன் கழிவைப் பதிவு பெற்றோரிடமே ஒப்படைத்தல் வேண்டும் என்பது விதி. நம்முடையவை ஆயிரத்தை எட்டவில்லையே என்று சில கல்லூரிகள் ஆறுதல் கொள்ளக்கூடும். தொள்ளாயிரம் கணிப்பொறியின் ஈயம் நஞ்சன்று என்று எந்த வேதியியல் நூலும் கூறவில்லை.

செய்யத்தக்கது மிக எளிது. ஏல அறிவிப்பில் 'மின்னணுப் பொருள்கள் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு பெற்ற மறுசுழற்சியாளர்க்கு மட்டுமே' என்று ஒரு வரி சேர்ப்பது. பொருள் போய்ச் சேர்ந்தமைக்கு எழுத்துச் சான்று பெற்று, அதனைத் தணிக்கைக் கோப்பில் வைப்பது. விலை சிறிது குறையும். அந்தக் குறைவைத் தணிக்கையாளரிடம் விளக்கும் பொறுப்பை முதல்வரும் செயலரும் ஏற்கவேண்டும். நாட்டு நலப்பணித் திட்ட மாணவர், நூலக வாயிலில் பூட்டிய பெட்டி ஒன்றை வைத்து, மாணவர் வீடுகளில் உறங்கும் கைப்பேசிகளையும் மின்னேற்றிகளையும் திரட்டலாம். பெட்டியில் இடுமுன் கைப்பேசியிலுள்ள தம் படங்களையும் செய்திகளையும் அழித்துவிட வேண்டும் என்பதையும், உப்பிய மின்கலம் உள்ள கைப்பேசியைப் பெட்டியில் இடாமல் தனியே தர வேண்டும் என்பதையும் அப்பெட்டியின் மேலேயே எழுதி ஒட்டிவிடுவது நன்று. அழுத்தினாலும் துளைத்தாலும் அத்தகைய கலம் தீப்பற்றும். திரண்டவற்றை எண்ணி, எடையிட்டு, யாரிடம் எப்போது சென்றன என்பதை ஆண்டுதோறும் கல்லூரி மலரில் ஒரு பக்கம் வெளியிடலாம். அப்பக்கத்தின் தமிழைத் திருத்தித் தர நம் துறை ஆயத்தமாக உள்ளது.